மருந்துச் சீட்டும் பரிசுச் சீட்டும்



இன்றைய பேச்சு மருந்துக் கடையைப் பற்றியது. நோயைப் பற்றி அல்ல. மருந்துக்கு நாம் கொடுக்கும் காசைப் பற்றி.

பெங்களூரில் ஸ்ரீராமபுரம் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். வயது 52. மனைவி மல்லேஸ்வரத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

கணவருக்குச் சர்க்கரை நோய். கூடவே ரத்தக் கொதிப்பு. சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. கொதிப்புக்குக் காலையில் ஒன்று. நாளைக்கு மூன்று. மாதத்துக்கு 90.

மாதத்தின் முதல் பாதியில் மூன்றையும் போடுகிறார். அப்புறம் வீட்டு வாடகை வருகிறது. ஆட்டோவின் தவணை வருகிறது. அப்போது இரவு மாத்திரையை விட்டுவிடுகிறார். வீட்டில் சொல்வதில்லை. ஒரு நாள் மனைவி அவர் சட்டையைத் துவைக்க எடுத்தார். பையில் மாத்திரை அட்டை இருந்தது. முடிந்திருக்க வேண்டிய அட்டையில் ஆறு மாத்திரை மிச்சம்.

"ஏங்க, ராத்திரி மாத்திரை போடறதில்லையா?"

"உடம்பு நல்லாத்தானே இருக்கு. எதுக்கு வீண் செலவு?"

சர்க்கரை நோயின் சூழ்ச்சியே இதுதான். காய்ச்சல் போல உடம்பு சுடாது. பல்வலி போல அழ வைக்காது. சத்தமில்லாமல் கண்ணைக் கெடுக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால் மரத்துப்போகும். செருப்பு கடித்த புண் கூடத் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் கால் விரலை எடுத்தவர்கள் எந்தத் தெருவில் இல்லை? ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் காலும் கண்ணும் போனால் குடும்பம் எப்படி ஓடும்?

ஆகவே மாத்திரையைக் குறைக்கக் கூடாது. மாத்திரையின் விலையைத்தான் குறைக்க வேண்டும். எப்படி?

அந்த அம்மா மெயின் ரோட்டில் உள்ள பெரிய மருந்துக் கடைக்குப் போனார். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று. வாசலில் "15 சதவீதம் தள்ளுபடி" என்று பலகை. கல்லாவில் ஒரு பையன்.

"அம்மா, உங்க போன் நம்பர் சொல்லுங்க. பாயிண்ட் ஏறும்."

"பாயிண்ட்னா என்ன தம்பி?"

"நூறு ரூபாய்க்கு வாங்கினா ஒரு பாயிண்ட். ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். சேர்த்து வெச்சு அப்புறம் கழிச்சுக்கலாம். இந்தக் கூப்பனையும் வெச்சுக்குங்க. அடுத்த தடவை 500 ரூபாய்க்கு வாங்கினா 50 ரூபாய் குறையும்."

அம்மாவுக்குச் சந்தோஷம். கூப்பனைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

இந்தக் கூப்பன் எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு மருந்துக்காரரின் சரக்குக்காகத்தான் பிறந்தது. அமெரிக்காவில் அட்லாண்டா என்று ஒரு ஊர். அங்கே 1886-ல் ஒரு மருந்துக் கடையில் புதிதாக ஒரு பானம் விற்றார்கள். அதைத் தயாரித்தவரும் மருந்து செய்கிறவர்தான். தலைவலிக்கும் சோர்வுக்கும் நல்லது என்று சொல்லி விற்றார்கள். ஒரு தம்ளர் ஐந்து சென்ட். யாரும் அதிகம் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு, 1887-ல், "இந்தச் சீட்டைக் காட்டினால் ஒரு தம்ளர் இலவசம்" என்று சீட்டு கொடுத்தார்கள். உலகின் முதல் கூப்பன் அதுதான் என்று சொல்கிறார்கள். அந்தப் பானத்தின் பெயர் கோக்கோ கோலா. அதன் பிறகு அது எங்கெல்லாம் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

இலவசமாகக் குடித்தவர் மறுபடியும் காசு கொடுத்துக் குடித்தார். கூப்பனின் வேலை அதுதான். ஆளை மறுபடியும் அதே கடைக்கு இழுத்து வரும். இன்றைக்கும் அமெரிக்க மருந்துக் கடைகளில் கூப்பன் ஒரு பெரிய பழக்கம். சி.வி.எஸ். என்ற கடையில் ஒரு சோப்பு வாங்கினாலும் ரசீது முழக் கணக்கில் நீளும். அத்தனையும் கூப்பன். அந்த ஊர்க்காரர்களே அதைக் கேலி செய்கிறார்கள்.

கூப்பனும் பாயிண்டும் கெட்டவை அல்ல. கிடைக்கிற காசை விடுவானேன்? ஆனால் அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

அந்த அம்மாவின் கணக்கைப் போடுவோம். இங்கே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்தவை.

சர்க்கரை மாத்திரை ஒன்று 8 ரூபாய். மாதம் 60 மாத்திரை. 8 பெருக்கல் 60 என்றால் 480 ரூபாய். கொதிப்பு மாத்திரை ஒன்று 9 ரூபாய். மாதம் 30. அது 270 ரூபாய். இரண்டும் சேர்த்து 750 ரூபாய்.

15 சதவீதம் தள்ளுபடி என்றால் 112 ரூபாய் 50 காசு குறையும். மீதி 637 ரூபாய் 50 காசு. அதற்கு ஆறு பாயிண்ட், அதாவது ஆறு ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 118 ரூபாய் மிச்சம்.

நல்லதுதான். ஆனாலும் மருந்துச் செலவு 630 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. இரவு மாத்திரை மறுபடியும் சட்டைப் பைக்குத்தான் போகும்.

இப்போது வேறு ஒரு கணக்கு. அதே மருந்து, அதே அளவு, வேறு பெயரில் ஒன்று 2 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 90 மாத்திரைக்கு 180 ரூபாய். 750 எங்கே, 180 எங்கே? மாதம் 570 ரூபாய் மிச்சம். இதற்குக் கூப்பன் வேண்டாம், பாயிண்ட் வேண்டாம், போன் நம்பரும் வேண்டாம்.

அது என்ன வேறு பெயர்?

நம் வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒன்று. வீட்டில் கூப்பிடுவது ஒன்று. பிள்ளை ஒன்றுதான். மருந்துக்கும் அப்படித்தான். மருந்தின் சொந்தப் பெயர் ஒன்று. அதை ஜெனரிக் பெயர் என்கிறார்கள். கம்பெனி வைக்கும் பெயர் இன்னொன்று. அது பிராண்டு பெயர்.

கொதிப்புக்கு டெல்மிசார்ட்டான் என்று ஒரு மருந்து இருக்கிறது. அது சொந்தப் பெயர். அதையே பல கம்பெனிகள் செய்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைக்கிறது. ஒவ்வொரு விலை வைக்கிறது. கம்பெனி பெயரைப் பரப்ப ஆள் வேண்டும். டாக்டர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தச் செலவும் நம் மாத்திரை விலையில்தான் ஏறுகிறது. படம் போட்ட பையில் வரும் பொன்னி அரிசியும் மூட்டையில் வரும் பொன்னி அரிசியும் நினைவுக்கு வருகிறதல்லவா?

அந்த அம்மா இதைக் கேள்விப்பட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு அதே பெரிய கடைக்கு ஓடினார்.

"தம்பி, இதே மருந்துல விலை கம்மியா வேற பேர்ல குடுப்பா."

"டாக்டர் இந்தப் பேர் எழுதியிருக்காரும்மா. நான் மாத்திக் குடுக்கக் கூடாது."

பையன் சொன்னது பொய் அல்ல. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. டாக்டர் சீட்டுக்குத் தரும் மருந்துகளில், எழுதிய பிராண்டுக்குப் பதிலாகக் கடைக்காரர் தாமாக வேறொன்றைத் தரக் கூடாது. அதில் இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் கூடாது.

அப்படியானால் விலை முடிவாகிற இடம் எது? கடையின் கல்லா அல்ல. டாக்டரின் மேஜை. கடைக்கு வந்த பிறகு நூற்றுக்குப் பதினைந்து குறைக்கலாம். டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டால் நூற்றுக்கு ஐம்பதும் குறையும், எழுபதும் குறையும். ஆனால் அங்கேதான் நாம் வாய் திறப்பதில்லை. டாக்டர் கோபிப்பாரோ என்று பயம். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று கூச்சம்.

பயப்பட ஒன்றும் இல்லை. மருந்தின் ஜெனரிக் பெயரை எழுத வேண்டும், படிக்கிற மாதிரி எழுத வேண்டும், முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்கான நடத்தை விதியே 2016-ல் திருத்தப்பட்டது. எல்லோரும் அப்படி எழுதுவதில்லை. கேட்டால் எழுதுகிறவர்கள் பலர்.

பெங்களூரில் டாக்டரிடம் கன்னடத்தில் கேட்க வேண்டியிருக்கும். ஒரே வரிதான். "டாக்டர், ஜெனரிக் ஹெசரு பரெது கொடி." ஜெனரிக் பெயரை எழுதிக் கொடுங்கள் என்று அர்த்தம். வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போகலாம்.

ஒரு எச்சரிக்கை. சில மருந்துகளில் கம்பெனியை மாற்றுவதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை, தைராய்டு மாத்திரை, இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவையெல்லாம் அந்த வகை. நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் வலிப்புக்குப் பார்க்கிறவர்கள் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மாற்றினார் என்று நாமும் மாற்றக் கூடாது.

சரி, சீட்டு எழுதி வாங்கியாயிற்று. எந்தக் கடைக்குப் போவது?

மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகள் இருக்கின்றன. ஜன் ஔஷதி என்றால் மக்கள் மருந்து. முதல் கடை 2008 நவம்பரில் பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸில் திறந்தது. முதல் சில ஆண்டுகள் மிகவும் மெதுவாக வளர்ந்தது. கடை இருக்கும், மருந்து இருக்காது. 2015-க்குப் பிறகு வேகம் பிடித்தது. 2023 நவம்பரில் பத்தாயிரமாவது கடை திறந்தார்கள். 2025-ல் எண்ணிக்கை 15,000-ஐத் தாண்டியது. பெங்களூரிலும் பல பேட்டைகளில் இந்தக் கடைகள் உண்டு.

தொடக்கத்தில் இந்தக் கடைகளுக்கு அரசு மருந்துக் கம்பெனிகள்தான் சரக்கு தந்தன. அவற்றில் ஒன்று நம் ஊர்க் கம்பெனி. 1981-ல் தொடங்கிய கர்நாடக ஆன்டிபயாடிக்ஸ் கம்பெனி. பீன்யாவில் அதன் தொழிற்சாலை இருக்கிறது. பீன்யா வழியாக வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

இந்தக் கடைகளில் விலை எப்படி வைக்கிறார்கள்? அதிகம் விற்கும் மூன்று பிராண்டுகளின் சராசரி விலையை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பல மருந்துகள் அதைவிடவும் குறைவு. வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாதவிடாய்க்கு உதவும் சுவிதா நாப்கின் 2019 ஆகஸ்டிலிருந்து இங்கே ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

குறையும் உண்டு. போன அன்று எல்லா மருந்தும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மாத்திரை தீருகிற அன்று போகக் கூடாது. ஒரு வாரம் மிச்சம் இருக்கும்போதே போக வேண்டும். 1800 180 8080 என்பது அவர்களின் இலவசத் தொலைபேசி எண். எந்தக் கடை அருகில் இருக்கிறது என்று கேட்கலாம். அடிக்கடி அலைகிறவர்களுக்கு இந்த ஒரு எண் பஸ் காசை மிச்சப்படுத்தும்.

கர்நாடக அரசு 2025 மே மாதத்தில் ஒரு ஆணை போட்டது. அரசு ஆஸ்பத்திரி வளாகங்களில் உள்ள ஜன் ஔஷதி கடைகளை மூடச் சொன்னது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்தே இலவசம், அங்கே விற்கும் கடை எதற்கு என்பது அரசு சொன்ன காரணம். கடைக்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். அந்தக் காரணத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். விக்டோரியா ஆஸ்பத்திரியிலும் பௌரிங் ஆஸ்பத்திரியிலும் வரிசையில் நின்று டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்தை வெளியே காசு கொடுத்து வாங்குகிறவர்கள் முதலில் உள்ளே மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்க வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம கிளினிக்குகள் இப்போது நகரத்தில் பல இடங்களில் இருக்கின்றன. அங்கும் டாக்டரைப் பார்ப்பது இலவசம். சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளும் இலவசம். இலவசத்தை மிஞ்சிய தள்ளுபடி உண்டா?

நம்மில் பலர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கம் போய் வருகிறவர்கள். ஓசூரைத் தாண்டினால் தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரம் கடைகள் திறந்தார்கள். அங்கும் ஜெனரிக் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சீட்டையும் பையில் வைத்துக்கொள்ளலாம்.

"விலை கம்மி மருந்து வேலை செய்யுமா?" இது எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. இந்தக் கடைகளுக்கு வரும் ஒவ்வொரு தொகுப்பையும் சோதனைச் சாலையில் பார்த்த பிறகே அனுப்புவதாக அரசு சொல்கிறது. அப்படியும் தவறு நேர்ந்தது உண்டு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதா மாதம் தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் மலிவான மருந்தும் வந்திருக்கிறது, பெரிய கம்பெனியின் விலை உயர்ந்த மருந்தும் வந்திருக்கிறது. விலையைப் பார்த்துத் தரத்தைச் சொல்ல முடியாது. மருந்தை மாற்றிய பிறகு ஒரு மாதத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பதுதான் சரியான வழி. ரத்தம் பொய் சொல்லாது.

இனி மாத்திரை அட்டையைப் படிப்போம். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிறைய எழுதியிருக்கும். எல்லாம் ஆங்கிலம். மிரள வேண்டாம். நான்கு விஷயம் தெரிந்தால் போதும். அதில் பெரும்பாலும் எண்கள்தான். தமிழானாலும் கன்னடமானாலும் ஆங்கிலமானாலும் மாத்திரை அட்டையில் எண்கள் ஒன்றுதான்.

முதலில் பெயர். 2018-லிருந்து வந்த விதிப்படி, பெரும்பாலான மாத்திரைகளில் பிராண்டு பெயரைவிட ஜெனரிக் பெயரின் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். சீட்டில் உள்ள பெயரையும் அட்டையில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்க்கலாம். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் உருவம் ஒன்றா என்று பார்க்கலாமே. கோலத்தில் புள்ளி தப்பினால் கண்டுபிடிக்கிற கண்களுக்கு இது பெரிய காரியமா?

பெயருக்குப் பக்கத்தில் அளவு. 500 எம்.ஜி., 40 எம்.ஜி. என்று இருக்கும். சீட்டில் 40 என்றால் அட்டையிலும் 40 இருக்க வேண்டும். சில மாத்திரைகளில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இரண்டு எழுத்து கூடுதலாக இருக்கும். மெதுவாகக் கரையும் மாத்திரை என்று பொருள். சீட்டில் அந்த எழுத்து இருந்தால் அட்டையிலும் இருக்க வேண்டும். அந்த மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது.

பிறகு காலாவதித் தேதி. 06/2027 என்று போட்டிருந்தால் 2027 ஜூன் மாதம் முடியும் வரை சாப்பிடலாம்.

அப்புறம் எம்.ஆர்.பி. என்ற மூன்று எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு தொகையும். அதிகபட்சச் சில்லறை விலை என்பது அதன் பொருள். வரியும் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாது. ஆனால் கீழே இறங்கி விற்கலாம். கடைகள் தரும் தள்ளுபடி எல்லாம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. அவசியமான மருந்துகளுக்கு அரசு உச்சவரம்பு விலை வைக்கிறது. 2013-ஆம் ஆண்டு ஆணைப்படி அதில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் லாபம் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள். அந்த லாபத்தில் ஒரு பகுதியைக் கடைக்காரர் நமக்கு விட்டுக்கொடுக்கிறார். தெருமுனையில் உள்ள சின்னக் கடைக்காரரால் அவ்வளவு விட முடியாது. அதற்காக அவரைத் திட்டக் கூடாது. ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் மாத்திரை தருகிறவர் அவர்தான்.

எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் தேசிய மருந்து விலை ஆணையத்துக்கு 1800 111 255 என்ற எண்ணில் சொல்லலாம். நுகர்வோர் உதவிக்கு 1915. பில் இருந்தால்தான் பேச்சு எடுபடும். ஆகவே பில் வாங்க வேண்டும். வரியும் இப்போது குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனது.

இங்கே ஒரு விடுகதை. ஒரு கடையில் "80 சதவீதம் தள்ளுபடி" என்று எழுதியிருக்கிறது. பத்து மாத்திரை அட்டையின் எம்.ஆர்.பி. 100 ரூபாய். இன்னொரு கடையில் தள்ளுபடியே இல்லை. அதே மருந்து, பத்து மாத்திரை, எம்.ஆர்.பி. 18 ரூபாய். எது மலிவு?

80 சதவீதம் போனால் 20 ரூபாய். தள்ளுபடி இல்லாத கடையில் 18 ரூபாய். பலகையைப் பார்த்துப் போனவர் இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்தார். சில ஜெனரிக் மருந்துகளில் இது நடக்கிறது. எம்.ஆர்.பி.யைப் பெரிதாக அச்சடித்துவிட்டு, தள்ளுபடியையும் பெரிதாகக் காட்டுவது. அதனால் சதவீதத்தைப் பார்க்கக் கூடாது. கடைசியில் கையிலிருந்து போகும் காசைப் பார்க்க வேண்டும். அதை மாத்திரை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 10 மாத்திரை 60 ரூபாய் என்றால் ஒன்று 6 ரூபாய். 15 மாத்திரை 75 ரூபாய் என்றால் ஒன்று 5 ரூபாய். அட்டை விலை 75 என்றதும் அதிகம் போலத் தெரியும். வகுத்துப் பார்த்தால் அதுதான் மலிவு.

மறுபடியும் அந்த அம்மாவிடம் வருவோம். சாமி படத்துக்குப் பின்னால் கூப்பன் இருக்கிறதே! 500 ரூபாய்க்கு வாங்கினால் 50 ரூபாய் குறையும் கூப்பன். மகளுக்கு இருமல், மாமியாருக்கு முட்டிவலித் தைலம் என்று ஒரு நாள் பெரிய கடைக்குப் போனார். பில் 430 ரூபாய் வந்தது.

"இன்னும் 70 ரூபாய்க்கு ஏதாவது எடுத்துக்குங்கம்மா. கூப்பன் செல்லும்" என்றான் பையன்.

அம்மா ஒரு சத்து டானிக்கை எடுத்தார். 110 ரூபாய். மொத்தம் 540. கூப்பன் 50 போக 490. வீட்டுக்கு வந்து யோசித்தார். டானிக் இல்லாமல் 430-லேயே முடிந்திருக்கும். ஐம்பது ரூபாயைப் பிடிக்கப் போய் அறுபது ரூபாய் கூடுதலாகப் போயிற்று. டானிக்கை யாரும் குடிக்கவும் இல்லை.

எப்படியும் வாங்கப் போகிற பொருளுக்குக் கூப்பன் செல்லுமானால் நல்லது. சோப்பு, பற்பசை, குழந்தைக்கு டயப்பர், சர்க்கரை பார்க்கும் கருவியின் பட்டை, இவற்றுக்குப் பாயிண்டும் கூப்பனும் உதவும். கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் தேதி இருக்கும். எந்தப் பொருளுக்குச் செல்லாது என்றும் இருக்கும். கடையிலேயே கேட்டுவிட வேண்டும். "தம்பி, இது மருந்துக்குச் செல்லுமா, சோப்புக்கு மட்டும்தானா? என்னிக்குள்ள வரணும்?" பாயிண்டுக்கும் ஆயுள் உண்டு. சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் மொத்தமாகப் போய்விடும். சேரச் சேரக் கழித்துவிடுவது நல்லது.

போன் நம்பர் கொடுத்தால் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். "உங்களுக்குப் பரிசு, வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் சொல்லக் கூடாது. அந்த எண் போனால் பாங்கியில் இருக்கும் பணம் போகும். மருந்துக் கடை எதுவும் அந்த எண்ணைப் போனில் கேட்டுப் பரிசு தராது.

அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. தள்ளுபடியில் கிடைக்கிறது என்று அதை வாங்கிச் சேர்த்து வைக்கக் கூடாது. கிருமிக்கு எதிரான மாத்திரையை டாக்டர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாளும் போட வேண்டும். இரண்டு நாளில் சுகமானதும் நிறுத்தி, மீதியை அடுத்த காய்ச்சலுக்கு வைப்பது மிச்சம் பிடிப்பது ஆகாது.

அந்த அம்மா அடுத்த மாதம் கணவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். கணவர் பேசமாட்டார் என்று தெரியும். அம்மாவே சொன்னார்.

"டாக்டர், ஜெனரிக் ஹெசரு பரெது கொடி. இவர் ராத்திரி மாத்திரையை விட்டுடறார். காசு தாங்கல."

டாக்டர் கோபப்படவில்லை. கணவரைத்தான் ஒரு முறை பார்த்தார். பிறகு புதுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினார். "ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பார்த்துட்டு வாங்க" என்றார்.

மக்கள் மருந்துக் கடையில் சர்க்கரை மாத்திரை இருந்தது. கொதிப்பு மாத்திரை அன்று இல்லை. "வெள்ளிக்கிழமை வாங்கம்மா" என்றார்கள். வீட்டில் இன்னும் எட்டு நாள் மாத்திரை இருந்ததால் கவலை இல்லை. வெள்ளிக்கிழமை மகள் போய் வாங்கி வந்தாள். அம்மா விளக்கடியில் உட்கார்ந்து சீட்டையும் அட்டையையும் ஒத்துப் பார்த்தார். பெயர் சரி. 40 என்ற எண் சரி. தேதி சரி. பில்லை நாட்காட்டி ஆணியில் குத்தினார்.

பிறகு தண்ணீர் தம்ளரோடு கணவரிடம் போனார். "இந்தாங்க, ராத்திரி மாத்திரை" என்று அவர் போடும் வரை எதிரிலேயே நின்றார்.